குரல் பிடிக்கும் மெஷின்

அக்டோபர் 14, திங்கள்

லேப்டாப் எப்போது அணைகிறது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதி வையுங்கள் ஆன்ட்டி, எங்களுக்குக் கண்டுபிடிக்க வசதியாக இருக்கும் என்று கௌசல்யா சென்னையிலிருந்து போனில் சொன்னாள். எழுதுகிறேன். இன்று மூன்று முறை அணைந்தது. மூன்று முறையும் நாங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

என் வீட்டுக்காரர் மைக் முன்னால் உட்கார்ந்து, திரையில் வரும் வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். இருபத்தைந்து வாக்கியம் ஒரு கட்டு. கட்டு முழுதாக முடிந்தால்தான் சேமிக்கும். பதினெட்டு, பத்தொன்பது வரை ஒழுங்காகப் போகிறது. அப்புறம் உள்ளே ஃபேன் இரைகிறது, திரை நீலமாகிறது, அழுமூஞ்சிப் பொம்மை ஒன்று வருகிறது, எல்லாம் கறுத்துவிடுகிறது. திரும்பப் போட்டால் முதலிலிருந்து. "வங்கி காலை பத்து மணிக்குத் திறக்கும்." இந்த ஒரு வரியை இன்று எத்தனை தடவை கேட்டேனோ. அந்த வங்கி தீப்பிடித்து எரிந்தால்கூட எனக்குச் சம்மதம்.

லேப்டாப் எங்களுடையது இல்லை. பேச்சு குறைந்துகொண்டே வருகிறவர்களின் குரலை முன்கூட்டியே பிடித்து வைக்கிற ஆய்வுக்கூடம் ஒன்று சென்னையில் இருக்கிறது. கௌசல்யாவுக்கு அங்கேதான் வேலை. அறுநூறு வாக்கியம் படித்துக் கொடுத்தால், பின்னால் இவர் டைப் அடிப்பதை இவர் குரலிலேயே மெஷின் பேசுமாம். மைக்கும் லேப்டாப்பும் அவர்களே பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். மாத ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. புது மெஷின் எது வந்தாலும் ஆயுத பூஜை, விஜயதசமி பார்த்துத்தான் ஓட்டுவது இவர் பட்டறை வழக்கம். அதனால் இதையும் பட்டறையில் இரும்பு கடைகிற லேத்துகளோடு வைத்துப் பொட்டிட்டு, மாலை போட்டு, விஜயதசமியன்று ஆரம்பித்தோம். சாமி கும்பிட்டு ஆரம்பித்த காரியம் இப்படி அழுமூஞ்சி காட்டுகிறது.

இவருக்கு வந்திருக்கும் வியாதியின் பெயர் மூன்று ஆங்கில எழுத்து. அதை இதில் எழுதப் போவதில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

வீட்டுக்கு முன்புறம்தான் பட்டறை. லேத் ஓடினால் மைக்கில் அந்தச் சத்தம்தான் விழும். அதனால் காலையில் பட்டறை திறக்கும் முன்பும், மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும், ஐந்து மணிக்கு மேலும்தான் பதிவு. லேப்டாப் சார்ஜில் கிடக்கும்போது லேத் மோட்டாரால் வோல்டேஜ் இறங்கி, அதனால்தான் பின்னால் அணைகிறதோ என்று ஒரு சந்தேகம். காலையிலிருந்து இரண்டு லேத்தையும் நிறுத்தச் சொன்னேன். பொன்னுராசு என்னை ஒரு மாதிரி பார்த்தான். இருபது வருஷமாக இங்கே வேலை பார்ப்பவன், வேலை இல்லாமல் நின்று பழக்கமில்லை.

லேத் நின்றது. லேப்டாப்பும் நின்றது.

அக்டோபர் 17, வியாழன்

இரண்டு முறை. கேசரி கிண்டினேன், அவருக்கு விழுங்கக் கஷ்டமாக இருந்தது. கடைக்காரன் பெரிய ரவையைக் கொடுத்துவிட்டான்.

அக்டோபர் 18, வெள்ளி

கௌசல்யா ஒரு மணி நேரம் போனில் இருந்தாள். அங்கே அமுக்குங்கள், இதை எடுத்துவிடுங்கள், அப்டேட் போடுங்கள் என்றாள். பட்டறைக்கு பில் போடுகிற கை என்பதால் எனக்குக் கம்ப்யூட்டர் பயம் கிடையாது. சொன்னதையெல்லாம் செய்தேன். "இப்ப சரியாயிடும் ஆன்ட்டி" என்றாள். கம்ப்யூட்டர் வைரஸுக்குப் போட்டிருந்த மருந்தை எடுத்துவிட்டோம், அதுவும் பயனில்லை. பதினேழாவது வாக்கியத்தில் படுத்துவிட்டது.

ஒன்று கவனித்தேன். காலையில் முதல் கட்டு மட்டும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இரண்டாவதுதான் தகராறு. பிள்ளையாருக்குச் சூடம் காட்டிவிட்டு உட்காருகிறோமே, அந்த நல்ல நேரம் முதல் கட்டோடு தீர்ந்துவிடுகிறதாக்கும்.

இன்னொன்றும் செய்தேன். கௌசல்யா சொல்கிற கணக்குப்படி குரல் நன்றாக இருக்கும்போதே முடிக்க வேண்டும். சாயங்காலம் ஆனால் இவருக்கு நாக்கு தடிக்கிறது. போன மாதம் ஆர்டர் கொடுக்க வந்த ஆள் இவர் குடித்திருக்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டார். ஒரு சொட்டு தொட்டதில்லை என் நாச்சிமுத்து. ஆகையால் இன்று முதல் வீட்டில் சட்டம்: பதிவு நேரம் தவிர அவர் பேசக் கூடாது. சிலேட்டும் பல்பமும் வாங்கிக் கொடுத்தேன். காப்பி குடிக்கும்போது, "அம்முணி, அந்த முருங்கமரத்த..." என்று ஆரம்பித்தார்.

"ஷ்ஷ். கொரல வீணாக்காதீங் மாமா. எழுதுங்."

பல்பத்தை எடுத்தார், யோசித்தார், கீழே வைத்துவிட்டார். முருங்கை மரத்தைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது, வெட்டச் சொல்லியிருப்பார்.

அக்டோபர் 20, ஞாயிறு

பட்டறைக்கு லீவு. நாள் முழுக்க நமக்குத்தான் என்று குதூகலமாக ஆரம்பித்தேன். நான்கு முறை அணைந்தது. முதல் கட்டு ஒன்றுதான் மிச்சம்.

அறை முழுக்கச் சந்தன வாசனை. பூஜையறையில் ஊதுபத்தி மணக்கிறது என்று நினைத்துப் போய்ப் பார்த்தேன், ஏற்றவே இல்லை. வாசனையெல்லாம் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். இவருக்குச் சாய்ந்து உட்கார வசதியாகக் கட்டிலில் தலையணை போட்டு அதன் மேல் லேப்டாப்பை வைத்தேன். இன்றைய நான்கில் இரண்டு அங்கேதான்.

காப்பி குடித்தால் இருமல் வருகிறது. சூடு அதிகம். ஆற்றித்தான் தர வேண்டும்.

அக்டோபர் 22, செவ்வாய்

மழை. கரன்ட் இல்லை. பேட்டரியில் ஓட்டிப் பார்த்தோம், பதினோராவது வாக்கியத்திலேயே போய்விட்டது. ஆக வோல்டேஜ் மேல் பழி போட முடியாது. பொன்னுராசுவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

வேறு லேப்டாப் அனுப்புங்கள் என்று கௌசல்யாவிடம் கெஞ்சினேன். இருப்பதெல்லாம் வேறு வேறு வீடுகளில் இருக்கிறதாம். "நவம்பர் மூணாவது வாரம் ஒண்ணு திரும்பி வரும் ஆன்ட்டி. உங்களுக்குத்தான் முதல்ல." நல்ல பெண், அவளைக் குறை சொல்ல முடியாது. போனில் பதிந்து அனுப்பட்டுமா என்றேன். அந்தச் சத்தம் போதாதாம். இந்த மைக், இந்த லேப்டாப், இதில்தான் ஆக வேண்டுமாம்.

நவம்பர் மூன்றாவது வாரம் என்பதை இவரிடம் சொல்லவில்லை. "சரி பண்ணிருவாங்களாமுங்" என்று சொன்னேன். 'ர' வரும் வார்த்தைகளில் இப்போதே நாக்கு புரள மாட்டேன் என்கிறது. திரையில் 'ர' வராத வாக்கியமே கிடையாது.

அக்டோபர் 24, வியாழன்

ஆய்வுக்கூடத்து லேப்டாப்பை வெளியாட்களிடம் கொடுக்கக் கூடாதுதான். கொடுத்தேன். காந்திபுரத்தில் ஒரு சர்வீஸ் கடை. கடைக்காரர் போட்டார், பார்த்தார், அவர் கையில் அது சமர்த்தாகப் பத்து நிமிஷம் ஓடியது. நம் முன்னால் மட்டும்தான் அதற்கு லொள்ளு.

"சாஃப்ட்வேர் கெட்டுப் போச்சுங்க. ஃபார்மட் அடிச்சாத்தான் ஆகும்."

"உள்ள இருக்கறதெல்லாம்?"

"போயிருமுங்க. மொதல்ல இருந்து ஏத்திக்கணும்."

முடிந்த கட்டுகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. மாத நடுவில் இருந்த குரல் அதற்குள் இருக்கிறது. அதை மறுபடி எங்கே போய் ஏற்றுவது? மேஜை மேலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. நெஞ்சோடு அணைத்தபடி கணபதியில் எங்கள் ஸ்டாப் வரைக்கும் நின்றே வந்தேன். ஒரு பெண் எழுந்து, "கொழந்தையாங்க்கா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்துகொண்டாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

பட்டாசு. தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போதே தெருவில் காது கிழிகிறது. மத்தியானம் கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து உட்கார்ந்தோம். இருபத்து நான்காவது வாக்கியம். இருபத்து நான்கு! இன்னும் ஒன்றே ஒன்று. அவர் வாயைத் திறந்தார், திரை நீலமாயிற்று.

ஓங்கி அறைந்தேன், லேப்டாப்பைத்தான். கை எரிந்தது, அதன் முதுகு அடுப்பு மாதிரி கொதித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன். அவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் கை வைத்தார்.

"அம்முணி, விட்டுத் தள்ளு. நா என்ன சொல்றன்னா..."

"பேசாதீங்கன்னு சொன்னேனில்ல!" கத்திவிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். "எத்தன தடவ சொல்றது? இருக்கறதையும் கொட்டிப்போட்டு நாளைக்கு என்ன பண்ணுவீங்?"

அவர் கையை எடுத்தார். சிலேட்டைத் தேடி எடுத்து, 'சரி' என்று எழுதிக் காட்டினார்.

அக்டோபர் 28, திங்கள்

பதிவு இல்லை. அவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. முறுக்குச் சுட்டேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

தீபாவளிக்கு வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேஜையைத் துடைக்க லேப்டாப்பைத் தூக்கியபோது அடியில் விரல் சொரசொரத்தது. திருப்பினேன். அடிப்பக்கம் காற்று உள்ளே போக நீளமாகச் சல்லடை போல ஓட்டைகள். அந்த ஓட்டைகள் அத்தனையும் அடைத்து, காய்ந்து, பாளமாகச் சந்தனம். மூன்று பட்டை. நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜையன்று மெஷின்களுக்குப் பொட்டு வைப்பது அவர்தான், யாரையும் விட மாட்டார். திரையில் வைத்தால் அழுக்காகிவிடும், மேலே வைத்தால் ஆய்வுக்கூடத்துப் பொருளைக் கறை பண்ணிவிட்டோம் என்று கௌசல்யா நினைப்பாள், அதனால் யார் கண்ணிலும் படாத அடிப்பக்கம் பார்த்து, கையால் வழித்து, லேத்துக்கு அப்புவது போலத் தாராளமாக அப்பியிருக்கிறார். லேத்துக்கு அது ஒன்றும் செய்யாது. இந்தச் சீவன் மூச்சுத் திணறி ஒவ்வொரு நாளும் விழுந்திருக்கிறது. காலையில் குளிர்ந்திருக்கும்போது ஒரு கட்டு ஓடியது, சூடு ஏறியதும் விழுந்தது. சந்தனம் மணந்தது எங்கே இருந்து என்றும் தெரிந்துவிட்டது. நான் நல்ல சகுனம் என்று எழுதியிருக்கிறேன்.

ஊசியாலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் ஒரு மணி நேரம் சுரண்டினேன். போட்டுவிட்டு அடியில் கை நீட்டினால் ஜில்லென்று காற்று இழுக்கிறது. அவர் வாசலில் நின்று புருவத்தை உயர்த்தினார்.

"தூசிங் மாமா. ஒரே தூசி" என்றேன்.

சந்தனத் தூளைத் தாளில் மடித்து முருங்கை மரத்தடியில் கொட்டினேன். அவர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அக்டோபர் 30, புதன்

நான்கு கட்டு! ஒரு தடவைகூட அணையவில்லை. வங்கி பத்து மணிக்குத் திறக்கட்டும், நன்றாக இருக்கட்டும்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பட்டாசுச் சத்தத்தில் பதிவு முடியாது. அதிரசம் பாகு பதம் தப்பிவிட்டது போலிருக்கிறது, அவருக்கு இறங்கவில்லை. எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 3, ஞாயிறு

கௌசல்யா இதுவரை முடிந்ததை வாங்கிக் கேட்டுப் பார்த்தாள். "முதல்ல பேசினதும் இப்பப் பேசறதும் வேற வேறயா இருக்கு ஆன்ட்டி" என்றாள். விஜயதசமிப் பதிவில் இருக்கிற குரல் இப்போது இல்லையாம். இன்னும் தள்ளிப் போடாமல் சீக்கிரம் முடித்தால் ஏதாவது பண்ணலாம் என்றாள்.

விஜயதசமி வரைக்கும் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தோமே, அந்த நாட்களில் இதைவிட நன்றாகப் பேசினார். நாளையிலிருந்து காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் விடாமல்.

நவம்பர் 4, திங்கள்

ஐந்து கட்டு. லேப்டாப் அசையவில்லை. அவர்தான் நடுநடுவே நிறுத்துகிறார்.

நவம்பர் 5, செவ்வாய்

மத்தியானம் இரண்டாவது கட்டு ஓடும்போது மைக்கைக் கையால் ஒதுக்கி வைத்தார்.

"ஏனுங், தண்ணி வேணுங்களா?"

"போதும் அம்முணி."

"இன்னும் ஒரே ஒரு கட்டுங் மாமா. இப்பத்தான் மெஷினு ஒழுங்கா ஓடுது."

"மெஷினு ஓடுது. நா ஓட வேண்டாமா?" வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. எனக்குப் புரியும், வேறு யாருக்கும் புரிந்திருக்காது. "இந்த டப்பாகூடப் பேசியே என்ற தொண்ட தீருது. உன்றகூடப் பேசி எத்தன நாளாச்சு?"

"நா பேச வேண்டாம்னா சொல்றேன்? முடிச்சுப்போட்டுப் பேசலாமுங்."

"முடிச்சதுக்கப்பறம் எதுல பேசறது?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "நீங்க பாட்டுக்குப் பேசிப்போட்டுப் போயிருவீங்! அப்பறம் இந்த ஊட்டுல நா யாரு கொரலக் கேக்கறது? செவுத்தோட கொரலையா?"

சொல்லிவிட்டேன். போயிருவீங். டாக்டர் சொன்ன நாளிலிருந்து வாயைத் திறந்து சொன்னதில்லை. இதில்கூட எழுதியதில்லை. ரவை, பாகு, காப்பிச் சூடு என்றுதான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். இவரால் விழுங்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அவர் கோபப்படவில்லை. சிரித்த மாதிரிகூட இருந்தது. "இதச் சொல்றதுக்கு இத்தன நாளா உனக்கு?" என்றார். பிறகு பக்கத்து நாற்காலியைத் தட்டினார். "உக்காரு. இன்னைக்குப் பேசோணும்."

உட்கார்ந்தேன். பேசினார். முதலில் முருங்கை மரம். வெட்டச் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். பூ விட்டிருக்கிறது, போய்ப் பார் என்று சொல்ல வந்திருக்கிறார்.

நவம்பர் 6, புதன்

கௌசல்யாவைக் கூப்பிட்டு நேராகவே சொன்னேன். "அவரு இனி வாக்கியம் படிக்க மாட்டாரும்மா. எங்கிட்டப் பேசோணுங்கறாரு."

"பேசட்டும் ஆன்ட்டி. மைக்க நடுவுல வெச்சுட்டுப் பேசுங்க. நாங்க கேட்டு எழுதி எடுத்துக்கறோம். கொஞ்சம் வேல ஜாஸ்தி, அவ்ளோதான்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கவே இல்லையே ஆன்ட்டி. மிஷின் நிக்குது, மிஷின் நிக்குதுன்னுதானே சொல்லிட்டிருந்தீங்க."

சிலேட்டை அலமாரி மேல் போட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

நான்கு நாளாகப் பேசுகிறோம். காலையில் குரல் கொஞ்சம் தெளிவு, அப்போது அவர் பேசுவார். சாயங்காலம் நான் பேசுவேன், அவர் ஊம் கொட்டுவார். மைக் நடுவில் கிடக்கிறது, அதை மறந்தே போகிறோம்.

பெண் பார்க்க வந்தபோது என்னைப் பிடிக்கவில்லை என்று முதலில் சொன்னாராம். அன்றைக்கு நான் முறைத்த முறைப்பில் பயந்துவிட்டாராம். இத்தனை வருஷம் மூடி வைத்திருந்திருக்கிறார். "அப்பறம் எதுக்குக் கட்டுனீங்?" என்றேன். "மொறைக்கறவதேன் ஊட்டப் பாத்துக்குவான்னு எங்கம்மா சொல்லுச்சு" என்றார். என் கேசரியில் நெய் எப்போதும் கம்மி என்றார். என் அண்ணன் கடைந்தெடுத்த கஞ்சன் என்றார். இதற்கெல்லாம் நான் நடுவில் விழுந்து விழுந்து சண்டை போட்டிருக்கிறேன். கௌசல்யா என் குரலைத் தனியாகப் பிரித்து எடுப்பதற்குள் பாவம், திண்டாடிப் போவாள்.

பட்டறையைப் பொன்னுராசுவிடமே விட்டுவிடச் சொன்னார். இருட்டில் எனக்குப் பயமாக இருந்தால் விளக்கைப் போட்டுக்கொண்டே தூங்கலாம், கரன்ட் பில்லுக்குத் திட்ட இனி ஆள் இல்லை என்றார். அதற்கு மட்டும் நான் சண்டை போடவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

லேப்டாப்பைப் பெட்டியில் போட்டு அனுப்பியாகிவிட்டது. கடைசி இரண்டு நாள் பதிவில் முக்கால்வாசி எனக்கே புரியவில்லை. புரிந்த மாதிரித் தலையாட்டினேன். அவருக்கும் அது தெரிந்தது.

டிசம்பர் 2, திங்கள்

வீடு அமைதியாக இருக்கிறது. லேத் சத்தம் மட்டும். எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துத்தான் தருகிறேன்.

டிசம்பர் 19, வியாழன்

இன்று வயிற்றில் குழாய் வைத்தார்கள். நன்றாகத் தாங்கினார். நான்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நர்ஸிடம் காரணமே இல்லாமல் சண்டை போட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

காலையில் கௌசல்யா போன் பண்ணினாள். குரல் தயாராம், அனுப்பிவிட்டாளாம், அவர் போனிலேயே போட்டுக்கொள்ளலாமாம். "ரொம்ப எதிர்பாக்காதீங்க ஆன்ட்டி, பதிவு கம்மி. கொஞ்சம் மிஷின் மாதிரித்தான் இருக்கும்" என்றாள். அவள் சொன்னபடி எல்லாம் அமுக்கி, போனை இவர் கையில் கொடுத்தேன். கேட்கத் தைரியமில்லை. பொங்கலுக்கு மாவு இடிக்க வேண்டும், சட்னி அரைக்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டேன்.

மிக்ஸியை நிறுத்தி மூடியைத் திறந்த நேரம், கூடத்திலிருந்து கூப்பிட்டார்.

"அம்முணி, சித்தெ இங்க வா."

"வாரேனுங்! அதுக்குள்ள என்ன அவசரம்? எனக்கென்ன நாலு கையா இருக்குது? ஒரு சட்னி அரைக்க வுட மாட்டீங்களே மனுசரு..." என்று கத்திக்கொண்டே கரண்டியால் வழித்தேன். பாதி வழித்துவிட்டேன். அப்புறம்தான் கை நின்றது.

கூடத்துக்குப் போனேன். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் குசும்பு. என் கையில் கரண்டியிலிருந்து சட்னி தரையில் சொட்டியது. மெதுவாக, ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"சும்மாதேன் கூப்புட்டேன்."

மறுபடியும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, சமையலறைக்கே திரும்பிப் போய் நின்றேன்.